பெறப்பட்டது, ஏற்கப்பட்டது: இரண்டு திகதிகளுக்கு நடுவே

ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதற்பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இரண்டு திகதிகள் இருக்கும். ‘பெறப்பட்டது’ என்று ஒன்று, ‘ஏற்கப்பட்டது’ என்று மற்றது. வாசிப்பவர் கண் அதில் தங்குவதில்லை. எழுதியவர் கண் தங்கும். அந்த இரண்டுக்கும் நடுவே மின்னஞ்சலை எத்தனை தடவை திறந்து மூடினார் என்பது அவருக்கும் அவர் வீட்டாருக்கும்தான் தெரியும்.

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வீதியில் போனால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவில் வரும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. போர்க்காலத்தில் வேறு பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர முடியாமற்போன மாணவர்களின் நெருக்கடியிலிருந்து பிறந்த நிறுவனம் அது. அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமானது. முதலில் அட்டாளைச்சேனையில் ஒதுங்கி இருந்தது, பிறகு ஒலுவில் கடற்கரைப் பக்கம் குடிவந்தது. பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில். பீடங்கள் வளர வளர ஆய்விதழ்களும் வந்தன. கலை கலாசார பீடம் ‘கலம்’ என்ற இதழை வெளியிடுகிறது. முகாமைத்துவத்துக்கு ஒன்று, இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் ஒன்று என மற்றப் பீடங்களும் தமக்கென இதழ்களை வைத்திருக்கின்றன.

வயலும் தோணியும் தறியும் பிழைப்பாக இருந்த இந்தக் கரையில், இன்று பல வீடுகளில் ‘பேப்பர்’ என்றால் காலையில் வரும் பத்திரிகை அல்ல. மகனோ மகளோ எழுதி எங்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஆய்வுக்கட்டுரை. சிரேஷ்ட விரிவுரையாளர் ஆவதற்கும் பேராசிரியர் ஆவதற்கும் புள்ளி எண்ணும் முறை உண்டு. அந்தக் கணக்கில் ஆய்விதழில் வந்த கட்டுரைக்குக் கனம் அதிகம். ஆகவே தேநீர்க் கடை மேசைவரை வந்துவிட்டது அந்தப் பேச்சு. ‘ரிவியூவுக்குப் போயிருக்காம்’, ‘திருத்தி அனுப்பட்டாம்’, ‘ஒரு பதிலும் இல்லையாம்’. மூன்றில் கடைசிதான் அதிகம் கேட்பது.

மருதமுனையில் நெசவாளர் ஒருவரின் மகள், இளம் விரிவுரையாளர், தன் ஊரின் கைத்தறித் தொழில் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தறிகளை எண்ணி, நூல் விலையைக் கேட்டறிந்து, நெசவை விட்டு வெளிநாடு போனவர்களின் வீடுகளுக்கு நடந்து, தமிழில் இருபது பக்கம். அதை ஏதோ ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதற்குப் பிறகு அந்தக் கட்டுரைக்கு என்ன நடக்கிறது?

முதலில் அது பதிப்பாசிரியரின் மேசைக்கு வருகிறது. மேசை என்பது இப்போது கணினித் திரை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான இதழ்கள் ‘ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ்’ என்ற இலவச மென்பொருளில் ஓடுகின்றன. கனடாவில் தொடங்கிய பொது அறிவுத் திட்டம் என்ற அமைப்பு உருவாக்கியது அது. இலங்கை ஆய்விதழ்களை ஒரே இடத்தில் வாசிக்கத்தரும் ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளம், தேசிய விஞ்ஞான மன்றத்தின் பங்களிப்போடு 2008இல் வந்தபோது இதே வழியைத்தான் பிடித்தது. கட்டுரை உள்ளே விழுந்ததும் இயந்திரம் தானாகவே ‘கிடைத்தது, நன்றி’ என்று எழுதிவிடும். மனிதர் எழுதும் முதல் கடிதம் எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

பதிப்பாசிரியர் முதலில் பார்ப்பது சில சில்லறை விசயங்கள். இதழின் துறைக்குள் அடங்குகிறதா, கேட்ட நீளத்தில் இருக்கிறதா, மேற்கோள்கள் ஒழுங்கா, பிறர் எழுத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறதா. இங்கேயே திருப்பி அனுப்பினால் அதை மேசை நிராகரிப்பு என்பார்கள். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் மூன்று நாளில் வருகிற ‘வேண்டாம்’ ஒரு விதத்தில் உபகாரம். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக்கூடாது என்பது ஆய்வுலகின் கண்டிப்பான விதி. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் எட்டு மாதம் இருந்தால் பெண் வீட்டார் படும் பாடு இருக்கிறதே, அதுதான் இங்கே எழுதியவருடைய நிலை. வேறிடம் பேசவும் வழியில்லை.

முதல் வடிகட்டலைத் தாண்டினால் கட்டுரை மதிப்பீட்டாளர்களுக்குப் போகிறது. வழக்கமாக இரண்டு பேர். அதே துறையில் உழைக்கும் ஆய்வாளர்கள், சம்பளம் வாங்காமல் வாசித்துக் கருத்து எழுதுபவர்கள். பல இதழ்களில் எழுதியவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பெயர் எழுதியவருக்குத் தெரியாது.

ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. குத்பாவில் ஒரு ஹதீஸைக் கேட்டுவிட்டு வெளியே வந்து ‘அது ஸஹீஹா, ளயீபா?’ (உறுதியானதா, பலவீனமானதா) என்று விவாதிக்கும் இளைஞர்களைக் கல்முனைப் பள்ளிவாசல் வாசல்களில் காணலாம். அந்தக் கலையில் முதற்கேள்வி ‘யார் சொன்னது?’ என்பதே. அறிவித்தவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று இஸ்னாத் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பெயர் பெயராகச் சோதிக்கப்படும். நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று ஒவ்வொருவரையும் எடைபோட்ட நூல்களே தனியாக உண்டு. ஆய்விதழ் நேர் எதிர்த் திசையில் போகிறது. சொன்னவர் யார் என்பதை மறைத்துவிட்டு, சொன்னது நிற்குமா என்று மட்டும் கேட்கிறது. ஒன்று பெயரை நம்பிச் சொல்லை ஏற்கிறது, மற்றது பெயர் சொல்லைத் தாங்கிப்பிடித்துவிடுமோ என்று அஞ்சுகிறது.

தமிழ் மரபு மூன்றாவது வழியில் போனது. இங்கே நூல் சபையில் அரங்கேற வேண்டும். நிந்தவூருக்கு வடக்கே காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அறிஞர்கள் முன் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அரங்கேற்றத்தில் கேட்பவர் முகம் தெரியும், கேள்வி கேட்டவர் பெயரும் தெரியும். இறையனார் களவியலுக்கு எழுந்த உரைகளில் எது மெய்யுரை என்று தீர்க்க வாய் பேசாத சிறுவன் உருத்திரசன்மனை உட்காரவைத்து, அவன் கண்ணீர் விடுவதைக் கொண்டு நக்கீரர் உரையைத் தேர்ந்தார்கள் என்ற கதையும் நம்மிடம் உண்டு. ‘சிறு திருத்தம்’, ‘பெருந்திருத்தம்’ என்ற பெட்டிகளில் ஒன்றில் மட்டும் புள்ளடி போட்டுவிட்டுக் காரணம் எதுவும் எழுதாத மதிப்பீட்டாளரைச் சந்தித்தவர்களுக்கு அந்த மௌனச் சிறுவன் மேல் என்று தோன்றலாம். அவன் குறைந்தபட்சம் எந்த இடத்தில் அழுதான் என்றாவது தெரிந்தது.

பெயரை மறைத்தால் போதுமா, யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியமா? இலங்கை முஸ்லிம்களுக்கு இந்தக் கேள்வி ஒரு பழைய காயத்தைத் தொடும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரையை வாசித்தார். ‘இலங்கைச் சோனகரின் இனவியல்’ பற்றியது. சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறானவர் என்பது அதன் சாரம். அப்போது அவர் சட்டசபையில் தமிழர் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த காலம். கட்டுரை கழகத்தின் இதழில் அச்சாகி, அறிவுலகின் முத்திரையோடு நின்றுவிட்டது. அதற்கு விரிவான மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் நூல் வந்தது 1907இல். நடுவே 19 வருடங்கள்.

இராமநாதன் சொன்னது சரியா, அஸீஸ் சொன்னது சரியா என்பது வேறு வழக்கு. இன்றைய கண்ணோடு பார்க்கும்போது உறுத்துவது, இரண்டையும் அச்சுக்கு முன் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வழி இல்லாமற்போனது. அஸீஸ் போன்ற ஒருவர் அச்சுக்கு முன்னரே அந்தப் பிரதியை வாசித்துப் பத்துக் கேள்விகளை ஓரத்தில் எழுதியிருந்தால், கட்டுரை ஒருவேளை வந்தே இருக்கும். ஆனால் அந்தப் பத்துக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கும்.

அந்தக் காலத்தில் லண்டனில் மட்டும் மதிப்பீடு ஒழுங்காக நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1665 மார்ச்சில் றோயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் ‘பிலசொபிக்கல் டிரான்ஸாக்ஷன்ஸ்’ இதழைத் தொடங்கியபோது எல்லாம் அவர் தீர்மானம்தான். அந்தச் சங்கத்தில் கடிதம் வந்த திகதியைப் பதிந்துவைத்தார்கள், யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற சண்டை வந்தால் காட்டுவதற்கு. இன்றைய ‘பெறப்பட்டது’ அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளை. எழுத்தில் மதிப்பீடு கேட்கும் முறை அங்கே 1830களில்தான் நிலைபெற்றது. வெள்ளி, பூமி ஆகியவற்றின் இயக்கம் பற்றி ஜோர்ஜ் ஏரி எழுதிய கட்டுரையை வில்லியம் ஹியூவெல், ஜோன் லபொக் என்ற இருவரிடம் கொடுத்தார்கள். ஒருவர் கட்டுரையின் பெருமையைச் சொல்ல விரும்பினார், மற்றவர் அதன் கணிதப் பிழைகளைக் காட்ட விரும்பினார். இருவராலும் எளிதில் ஒத்துப்போக முடியவில்லை. ஆக, முறை பிறந்தபோதே இரண்டாம் மதிப்பீட்டாளரின் முரண்டும் கூடப் பிறந்துவிட்டது.

நூறு வருடம் கழித்தும் பெரிய மனிதர்களுக்கு இந்த முறை பிடிபடவில்லை. 1936இல் ஐன்ஸ்டீனும் நேதன் றோசனும் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஈர்ப்பலைகள் என்று ஒன்று இல்லை என்பது அதன் முடிவு. பதிப்பாசிரியர் ஜோன் டேட் அதை ஒரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்தார். அவர் பிழையைக் கண்டுபிடித்துப் பத்துப் பக்கம் எழுதினார். டேட் அதை மரியாதையோடு ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் கொதித்துப்போனார். அச்சிடத்தான் அனுப்பினேன், முன்கூட்டியே பிறரிடம் காட்ட நான் அனுமதிக்கவில்லை என்ற கருத்தில் பதில் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிற்பாடு, வேறு வழியாகப் பிழை அவருக்குத் தெரிந்தது. முடிவைத் தலைகீழாக மாற்றி 1937இல் வேறோர் இதழில் வெளியிட்டார். அந்த மதிப்பீட்டாளர் ஹோவர்ட் பேர்சி றொபேட்சன் என்பது 2005இல்தான் பழைய பதிவேட்டிலிருந்து உறுதியானது. சுவை என்னவென்றால், ஐன்ஸ்டீனுக்கு நேரில் பிழையை உணர்த்தும் வழியைத் திறந்தவரும் அதே றொபேட்சன்தான். லியோபோல்ட் இன்ஃபெல்ட் என்ற உதவியாளரிடம் நண்பரைப்போலப் பேசிச் சொன்னார், அந்தப் பத்துப் பக்கத்தை எழுதியவர் தாமே என்று வாய் திறக்காமல். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த செய்தி 2016இல் வெளியானது, அதே ‘பிசிக்கல் ரிவியூ’ குடும்பத்து இதழில்.

இந்தக் கதையில் பொதுவாக ஐன்ஸ்டீனையும் றொபேட்சனையும் பேசுவார்கள். டேட்டைப் பேசமாட்டார்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற விஞ்ஞானியின் கட்டுரை மேசையில் விழுந்தபோது, ‘இதை நான் யாரிடமாவது காட்டத்தான் வேண்டும்’ என்று முடிவெடுத்தவர் அவர். பீடாதிபதியின் கட்டுரை, உபவேந்தரின் கட்டுரை, தன் சொந்த ஆசானின் கட்டுரை மேசையில் விழும்போது எந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் பதிப்பாசிரியருக்கும் தேவைப்படுவது இந்த முதுகெலும்புதான்.

தமிழர் ஒருவர் இந்த வேலையை எப்படிச் செய்தார் என்று பார்க்க விரும்பினால் சுப்ரமணியன் சந்திரசேகரிடம் போக வேண்டும். வெண்குறு நட்சத்திரங்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கண்டுபிடிப்புக்காக எல்லோருக்கும் தெரிந்தவர், 1983இல் நொபெல் பரிசு பெற்றவர். அந்த எல்லையைச் சொல்லும் சிறிய கட்டுரை 1931இல் அமெரிக்காவின் ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜேர்னல்’ இதழில் வந்தது. எழுதியபோது அவருக்கு இருபது வயது, கேம்பிரிட்ஜில் மாணவர். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டமொன்றில் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் எழுந்து அந்தக் கருத்தையே கேலி செய்தபோது சபை சிரித்தது. மதிப்பீடு காரணத்தோடு வரவேண்டும், கேலியோடு அல்ல என்பதை உடம்பில் வாங்கித் தெரிந்துகொண்டவர்.

அதே ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜேர்னல்’ 1952இல் அவர் கைக்கு வந்தது. 1971வரை, 19 வருடம், நிர்வாக ஆசிரியராக இருந்தார். பெரிய ஆசிரியர் குழு கிடையாது. அறிவியல் தீர்மானங்கள் அனைத்தும் அவர் மேசையிலேயே. வருடத்துக்கு ஆறு இதழ், ஆயிரம் பக்கத்துக்கும் குறைவு என்றிருந்தது, அவர் விலகியபோது வருடத்துக்கு 24 இதழ், 12,000 பக்கத்துக்கு மேல் என்றாகியிருந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருந்த இதழ் அமெரிக்க வானியல் சங்கத்தின் இதழானது. இந்த வருடங்களிலேயே அவர் திரவ ஓட்டங்களின் நிலைத்தன்மை பற்றியும், சுழலும் நீள்வட்டக் கோளங்கள் பற்றியும் இரண்டு பெரிய நூல்களை எழுதி முடித்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் அந்த வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு மனிதர் தூக்கிய சுமைக்கு ஒரு குழு தேவைப்பட்டது. அவரைப் போல ஒருவர் கிடைப்பார் என்று எண்ணி எந்த இதழையும் திட்டமிட முடியாது. ஒலுவிலில் மட்டுமல்ல, சிக்காகோவிலும் முடியாது.

சாதாரண இதழின் பதிப்பாசிரியர் யார்? வாரத்துக்குப் பல மணி நேரம் வகுப்பு எடுத்து, விடைத்தாள் திருத்தி, துறைக் கூட்டத்தில் உட்கார்ந்து, மிச்சம் இருக்கும் இரவில் பிரதியைத் திறப்பவர். அவருடைய பெரிய தலைவலி கட்டுரைகள் அல்ல, மதிப்பீட்டாளர்கள். 2018இல் பப்லன்ஸ் நிறுவனம் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையின்படி, ஒரு மதிப்பீட்டைப் பெற 2013இல் சராசரியாக 1.9 பேரிடம் கேட்க வேண்டியிருந்தது, 2017இல் அது 2.4 பேர். மதிப்பீட்டாளர்களில் பத்தில் ஒரு பங்கினர் மொத்த வேலையில் ஏறக்குறையப் பாதியைச் சுமந்தார்கள். ஊர்க் கல்யாணத்தில் சாப்பாட்டுச் சஹன் தூக்க எப்போதும் அதே நாலு பேர்தான் என்பதுபோல.

இது உலகக் கணக்கு. மருதமுனை விரிவுரையாளரின் கட்டுரைக்கு வருவோம். தமிழில் எழுதப்பட்டது, கைத்தறிப் பொருளாதாரம் பற்றியது. இதை மதிப்பிடத் தமிழும் தெரிய வேண்டும், பொருளாதாரமும் தெரிய வேண்டும், கிழக்குக் கரையும் ஓரளவு தெரிய வேண்டும். இலங்கையில் அப்படி எத்தனை பேர்? பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் அவருக்குக் கற்பித்தவர், இன்னொருவர் அவரோடு படித்தவர். மருதமுனை என்ற ஊர்ப்பெயரைப் பார்த்ததுமே ‘இது இன்னாருடைய பேப்பர்’ என்று மூன்றாமவர் சொல்லிவிடுவார். பெயரை அழித்து அனுப்பிய பிரதியில் ‘எனது முந்தைய ஆய்வில் காட்டியபடி’ என்று ஒரு வரி கிடந்தால் திரை முழுதாகவே விலகிவிடும். கோப்பின் உட்தகவலில் எழுதியவர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதும் சகஜம்.

தமிழகத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மதிப்பீட்டாளரைத் தேடலாமே என்று கேட்கலாம். தேடுகிறார்கள். அங்கே மொழி பொருந்துகிறது, களம் பொருந்துவதில்லை. ‘கிழமை’, ‘திகதி’, ‘முகாமைத்துவம்’ என்ற சொற்களை வட்டமிட்டு மொழிப்பிழை என்று அனுப்பினால் எழுதியவர் எதைத் திருத்துவார்?

இன்னொரு தடங்கல் எழுத்துரு. இலங்கையில் இன்றும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டெழுதுகிறார்கள். திரையில் அழகான தமிழ். ஆனால் கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. ஒற்றுமை பார்க்கும் மென்பொருளிடம் அந்தக் கோப்பைக் கொடுத்தால், பிறர் நூலிலிருந்து பத்துப் பக்கம் அப்படியே எடுத்திருந்தாலும் ‘தூய்மையானது’ என்று சான்றிதழ் கொடுத்துவிடும். யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடலிலும் கிடைக்கும், சோதனைக்கும் உட்படும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுவதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திருத்துவது யார்? மறுபடியும் அந்த இரவுப் பதிப்பாசிரியர்தான்.

காத்திருப்பு நீளும்போது வேறொரு கதவு தட்டும். ‘மாண்புமிகு பேராசிரியர் அவர்களே’ என்று தொடங்கும் மின்னஞ்சல், நேற்று வேலைக்குச் சேர்ந்த தற்காலிக விரிவுரையாளருக்கும் வரும். உங்கள் கட்டுரையை ஏழு நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு டொலர். 2013இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜோன் பொஹனன் ஒரு பொறி வைத்தார். லைக்கன் இனத்திலிருந்து புற்றுநோய் மருந்து என்று, படித்தவர் யாரும் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளோடு ஒரு பொய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன, 98 மறுத்தன. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்தே 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்கியது. ஏமாந்தவர்களைக் குறைசொல்வது எளிது. ஒழுங்கான இதழ்கள் ஒரு வருடம் வாய் திறக்காமல் இருப்பதால்தான் ஏழு நாள் கடைக்கு வியாபாரம் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஓர் இதழ் நன்றாக நடக்கிறதா என்று எப்படி அறிவது? நிராகரிப்பு விகிதத்தைப் பெருமையாகச் சொல்லும் இதழ்கள் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறைத் திருப்பி அனுப்புகிறோம் என்றால் தரம் உயர்ந்தது போலத் தோன்றும். கடலில் வலை போட்டு மீனை எல்லாம் திரும்பக் கொட்டுவதும் அதே விகிதம்தான். அதைவிடப் பயனுள்ள எண் ஒன்று ‘ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ்’ மென்பொருளின் புள்ளிவிவரப் பக்கத்திலேயே கிடக்கிறது. பிரதி கிடைத்த நாளிலிருந்து முதல் தீர்மானம் வரை எத்தனை நாள்? அதை இணையத்தில் போட்டுவைக்கும் இதழ்கள் எழுதுபவருக்கு மரியாதை செய்கின்றன.

அந்த எண்ணிலும் சூட்சுமம் உண்டு. பத்துக் கட்டுரைகள் வருகின்றன. ஒன்பதை மூன்று நாளில் மேசையிலிருந்தே திருப்பிவிடுகிறார்கள். பத்தாவது 400 நாள் தூங்குகிறது. சராசரி என்ன? 43 நாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பத்தாவது ஆளாக இல்லாதவரை. மேசை நிராகரிப்புகளை ஒதுக்கிவிட்டு, மதிப்பீட்டுக்குப் போன கட்டுரைகளின் நாட்களைத் தனியாகச் சொல்லும்போதுதான் இதழின் உண்மையான நடை தெரியும்.

நினைவூட்டல் கடிதம் எழுதுவதில் கூச்சப்படாத பதிப்பாசிரியர், மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் வேறொருவரைத் தேடுபவர், ‘உங்கள் கட்டுரை இன்ன இடத்தில் நிற்கிறது’ என்று கேட்காமலே ஒரு வரி அனுப்புபவர்: இவர்கள் வேலை எந்தத் தரப்பட்டியலிலும் வராது. முரண்படும் இரண்டு அறிக்கைகளை அப்படியே எழுதியவர் தலையில் கொட்டாமல், ‘முதலாமவர் சொன்னதில் இதையும் இதையும் செய்யுங்கள், இரண்டாமவர் சொன்னதை விட்டுவிடலாம்’ என்று வழிகாட்டும் இரண்டு பந்தியை எழுதத் தெரிந்தவரைப் பதிப்பாசிரியர் என்று சொல்லலாம். அதை எழுதாதவர் தபாற்காரர்.

மருதமுனைக் கட்டுரைக்கு முதல் எட்டு மாதம் பதில் இல்லை. இரண்டு நினைவூட்டல். பதினோராம் மாதம் இரண்டு மதிப்பீடுகள் சேர்ந்து வந்தன. ஒருவர் நூல் விலை அட்டவணையைப் பாராட்டி, தறி எண்ணிக்கையை எடுத்த முறையைக் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. மற்றவர் நான்கு வரி எழுதியிருந்தார். இந்த வடிவில் ஏற்க முடியாது, திருத்திப் புதிய கட்டுரையாக அனுப்பலாம் என்பது தீர்மானம். இரண்டு மாதம் மறுபடியும் தறிக் கொட்டில்களுக்கு நடந்து, எண்ணியதையே திரும்ப எண்ணி, அனுப்பினார். இம்முறை ஐந்து கிழமையில் ஏற்றுக்கொண்டார்கள். புதிய கட்டுரைக்குப் புதிய இலக்கம், புதிய திகதி. பழைய பிரதி வந்த நாள் கணக்கிலிருந்தே மறைந்துபோனது.

இதழ் வந்த அன்று வாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். முன்னாள் நெசவாளர். துணியின் விளிம்பை முதலில் பார்த்துப் பழகியவர், கட்டுரையை விட்டுவிட்டு ஓரத்துப் பொடி எழுத்துக்குப் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு திகதியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

“அஞ்சு கிழமையில முடிஞ்ச வேலதானே மகள். என்னத்துக்கு ஒரு வருசமா பதில் வரல்ல, பதில் வரல்ல எண்டு கிடந்தாய்?”